கட்டைவிரல் அளவு

தரையில் நிற்கிற படகு ஒழுகி அவன் பார்த்ததில்லை.

தண்ணீரில் கிடக்கிற படகு ஒழுகும். அந்த ஒழுக்கில்தான் இருபத்திரண்டு வருடமாக அவன் வீட்டு உலை கொதிக்கிறது. "உலகத்துல ஒரு படகும் ஒழுகலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டதற்கு, "நானே போய் ஒண்ணு ரெண்டு ஓட்டை போட்டுட்டு வருவேன்" என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தவன். அந்தப் பகடியை இப்போதெல்லாம் அவன் சொல்வதில்லை. ஆனால் இது வேறு. நான்கு நாளாகக் கொட்டகைக்குள், இரண்டு மரமுட்டுகளின் மேல், இடுப்பு உயரத்தில், சருகாகக் காய்ந்து நிற்கிற படகு. அதன் பின்பக்கத்துக்கு நேர் கீழே, சிமென்ட் தரையில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஈரப் பொட்டு.

செருப்பால் தேய்த்தான். போய்விட்டது. டம்ளரிலிருந்த ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பினால், அதே இடத்தில் அதே பொட்டு.

"சரிதான்," என்றான் படகைப் பார்த்து. "உனக்கும் வயசாயிடுச்சு. எங்கப்பாவுக்கும் கடைசியில இப்படித்தான் ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆள் இல்லை. வார விடுமுறை நாள். பக்கத்து வெல்டிங் கடையும் எதிர்த்த டயர் கடையும் பூட்டியிருந்தன. மத்தியானம் இரண்டு மணி வெயில், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே ஒரு வெள்ளைப் பாயை விரித்தாற்போல் கிடந்தது. அவன் பகடிக்கு யாரும் சிரிக்காமல் போவது புதிதில்லை. ஆனால் கேட்க ஆளில்லாத அமைதி வேறு, கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்கிற அமைதி வேறு. இரண்டையும் நிறையப் பார்த்தவன் அவன். இது இரண்டாவது வகையாக இருந்தது.

ஏரிக்கரை முழுக்க அவனைப் பஞ்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். டயருக்குப் பஞ்சர் போடுகிறவனுக்கும் படகுக்கு ஒட்டுப் போடுகிறவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எவனோ ஒருவன் ஆரம்பித்து வைத்தது. கல்யாணப் பத்திரிகையில் அவனுடைய உண்மையான பெயரை அச்சடித்ததால் பாதி ஊர், "இது யாரு கல்யாணம்?" என்று கேட்டது. அந்தக் கதையையும் அவனேதான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே தன்னைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். அது அவனுடைய தொழில் ரகசியம் மாதிரி.

படகு அவன் மச்சானுடையது. தங்கச்சி வீட்டுக்காரர். மூன்று வருடம் ஏரியின் அடியில் கிடந்துவிட்டு, இந்தக் கோடையில் தண்ணீர் வற்றியபோது முதுகைக் காட்டியது. பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். மச்சான் மட்டும் மூன்று வருடத்துக்கு முன்பே, மூழ்கின மறுநாள் காலையிலேயே, யாரும் இழுக்காமல் தானாகக் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

"நானே ஓட்டப் போறேன்ணே," என்றாள் தங்கச்சி, சேறு வடிகிற படகின் விளிம்பைத் தட்டிக்கொண்டு. "அக்கரைக் கடைக்காரங்க சரக்கு குடுக்குறேன்னு சொல்லிட்டாங்க. அடியில சின்ன ஒழுக்குதானே? நீ பாத்துக் குடு. அடுத்த வாரம் எறக்கணும்."

இன்று நாலு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

அடியில் இருந்தது முடியளவு விரிசல். அதற்கு அவன் செய்த வேலையைப் பார்த்தால், கப்பலுக்குச் செய்வதுபோல் இருக்கும். விரிசலைச் சுற்றி இரண்டு சாண் கிரைண்டரால் தேய்த்து, பழையதையெல்லாம் வெட்டியெடுத்து, கண்ணாடியிழை மேட் நான்கு அடுக்கு வைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் ரெசின் பசையை பிரஷ்ஷால் குத்திக் குத்தி, ஒரு காற்றுக்குமிழ் விடாமல். வேறு எந்தப் படகுக்கும் அவன் இப்படிச் செய்ததில்லை. இரண்டு நாள் முதுகு வலித்தது. அந்த வலி அவனுக்கு வேண்டியிருந்தது.

இப்போது குனிந்து பார்த்தான். ஒட்டுப் போட்ட இடம் காய்ந்து, கல்லாக இருந்தது. துளி வருவது அங்கிருந்து இல்லை. பின்பலகையில், அடியோடு ஒட்டியிருக்கிற வடிதுளையிலிருந்து.

பைபர் படகு எல்லாவற்றிலும் அப்படி ஒரு துளை இருக்கும். கட்டைவிரல் அளவு. படகு கரையில் நிற்கும்போது உள்ளே தேங்குகிற தண்ணீர் வடிவதற்கு. ஏரியில் இறக்கும் முன், ரப்பர் வளையம் போட்ட பித்தளைத் தக்கையை வெளியிலிருந்து அழுத்திச் செருகி அதை அடைத்துவிட வேண்டும். மறந்தால் உடனே ஒன்றும் தெரியாது. படகு வேகமாக ஓடுகிற வரைக்கும், உள்ளே வருகிற தண்ணீரை அந்த ஓட்டமே வெளியே உறிஞ்சிவிடும். நடு ஏரியில் எஞ்சினை நிறுத்தினால்தான் வினை. அப்போதும் மிதிபலகைக்கு அடியில், சத்தமே இல்லாமல் ஏறும். கணுக்காலில் ஜில்லென்று படும்போது பாதிப் படகு போயிருக்கும்.

துளைக்குள் தூசி போகாமல் இருக்க முந்தாநாள் அவன் ஒரு பழந்துணியைத் திணித்து வைத்திருந்தான். அதன் நுனியைத் தொட்டான். ஈரம்.

படகுக்குள் ஏறினான். மிதிபலகைகளையெல்லாம் முன்பே கழற்றிவிட்டதால் அடிப்பகுதி முழுதும் திறந்து கிடந்தது. உள்ளங்கையால் மூலை மூலையாகத் தடவினான். பைபர் தூளைத் தவிர ஒன்றும் ஒட்டவில்லை. துளையின் உள்வாயில் துணியின் மறுமுனையைத் தொட்டான். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

உள்ளே காய்ந்த துணி, வெளியே நனைந்திருக்கிறது. ஒழுக்குக்குக் காரணம் கற்பிப்பதில் அவனை அடித்துக்கொள்ள அந்த ஏரிக்கரையில் ஆள் கிடையாது.

"பனி," என்றான் சத்தமாக.

சித்திரை வெயிலில்.

முகப்பவுடர் டப்பாவை எடுத்தான். எங்கே ஒழுகுகிறதென்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் பவுடரைத் தூவுவது பழைய வித்தை. ஈரம் போகிற வழியெல்லாம் கோடு விழும். படகின் உட்புறம் முழுக்க, துளையைச் சுற்றி, மெல்லிய வெள்ளைப் போர்வையாகத் தூவினான். கொட்டகை திடீரென்று குழந்தையைக் குளிப்பாட்டின வீடு மாதிரி மணத்தது. இறங்கி, மூலைத் தண்ணீர்க் குடத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மூன்றுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று மனசில் குறித்துக்கொண்டு, திரும்ப வந்து எட்டிப் பார்த்தான்.

வெள்ளைப் போர்வை எங்கும் கலையவில்லை. ஒரு கோடுகூட விழவில்லை. துளையின் உள்வாய்க்குப் பக்கத்தில் மட்டும் நான்கு விரல்தடம். ஊன்றிய கை. நான்கு விரல்களும் விரிந்து, பலகையில் பலமாக அழுந்தி. ஐந்தாவது விரல் இருக்க வேண்டிய இடத்தில் துளை.

நம்ம கைதான். இறங்கும்போது ஊன்றியிருப்போம்.

ஊன்றிப் பார்த்தான், பக்கத்தில். தடம் பொருந்தவில்லை. அவன் இடதுகைக்காரன். அங்கே இருந்தது வலது கை.

அவன் அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டான். பரபரவென்று, வீட்டுக்கு விருந்தாளி வருமுன் கறையைத் துடைக்கிற மாதிரி. துடைத்து முடித்ததும் முதலில் வந்தது பயமில்லை, ஒரு கூச்சம். யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது துடைத்ததுபோல்.

வேலை செய்தால் சரியாகிவிடும் என்று சுத்தியலை எடுத்தான். சின்னச் சுத்தியலின் பின்முனையால் படகின் பக்கங்களைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பைபர் உறுதியாக இருந்தால் 'டங்' என்று பேசும், உள்ளே நீர் கோத்திருந்தால் 'தொப்' என்று செத்த சத்தம் வரும். முன்மூக்கிலிருந்து ஆரம்பித்தான். டங். ஒரு சாண் நகர்ந்தான். டங். வெளியே எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் தெருமுனை வரை வந்து திரும்பிப் போனது. டங். நடுப்பகுதி. டங். ஒட்டுப் போட்ட இடம். டங். நல்ல வேலைடா பஞ்சர். பின்பக்கம் நெருங்க நெருங்க, வெயிலில் காய்ந்த ரெசின் நெடிக்கு அடியில் வேறொரு வாசனை மெதுவாக ஏறியது. ஏரிச் சேறு. பாசி. நாள்பட்ட நனைந்த சாக்கு.

தொப்.

திரும்பத் தட்டினான். தொப். அங்கே நீர் கோத்திருக்க வழியே இல்லை. சுத்தியலை இறக்கி, காதைப் படகின் மேல் வைத்தான். குளிர்ந்திருந்தது.

தொப், என்றது படகு.

அவன் தட்டவில்லை.

தொப். தொப். உள்ளிருந்து. அவசரம் இல்லாமல். கேட்டுவிட்டாயா என்று பார்ப்பதற்காகத் தட்டுகிற மாதிரி.

சுத்தியல் கையிலிருந்து நழுவி விழுந்தது. பின்னால் நகர்ந்த அவன் தோள் பழந்துணியின் நுனியில் சிக்க, துணி துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் தண்ணீர். ஒரு பேனா கனத்துக்கு, அறுபடாமல், கலங்கலாக. காய்ந்த படகிலிருந்து. அது சிமென்ட் தரையில் விழுந்து, அவன் செருப்பைத் தேடிக்கொண்டு வந்தது.

எப்போது ஆரம்பித்தது என்று யாராவது கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. அதுதான் இந்த மூன்று வருடமும் இருந்த சௌகரியம்.

அன்றைக்கும் இதே கொட்டகை. இதே முட்டு. மச்சானின் படகில் ஏதோ சில்லறை வேலை. அந்தத் தக்கையில் தங்கச்சி தன் தலை ரிப்பனைக் கட்டி, மறுமுனையை எஞ்சின் கைப்பிடியில் முடிந்து வைத்திருந்தாள்; சிவப்பு ரிப்பன். "இதைப் பாக்காம எஞ்சினைத் தொட முடியாது இல்ல? அதான். இவரு மறதிக்கு இது வேணும்," என்பாள். அது கிரைண்டரில் சுற்றிக்கொள்ளப் பார்த்தது. அவன் கைப்பிடிப் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டி, தக்கையை ரிப்பனோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மச்சான் அவசரமாக வந்தார். "முடிஞ்சுதா மச்சான்? தக்கையெல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டார். கேட்டார்! அவன் அப்போது வங்கி மேனேஜர் படகில் ஏறத் தெரியாமல் ஏறி விழுந்த கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். கதையின் நடுவிலேயே "எல்லாம் ஆச்சு, எறக்குங்க" என்று கையை ஆட்டினான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் படகைத் தள்ளினார்கள்.

சாயங்காலம் ஐந்தேமுக்காலுக்கு, குளியலறையில் சட்டையைக் கழற்றும்போது, அது தரையில் 'டங்' என்று விழுந்தது.

மச்சானுக்குப் போன் செய்யலாம். அக்கரையில்தான் இருப்பார். செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தான். தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். பிறகு கரை முழுக்கச் சொல்வார். பஞ்சர் போடப் போனவன் தக்கையையே வீட்டுக்குக் கொண்டு போயிட்டான்! ஒரு மாதம் ஓடும். அவனே சொல்லி மற்றவர் சிரிப்பது வேறு. மற்றவர் சொல்லி அவன் சிரிப்பது வேறு. எப்படியும் போகும்போது கரை சேர்ந்திருக்கிறார், வரும்போதும் வந்துவிடுவார், காலையில் சத்தமில்லாமல் செருகிவிடலாம் என்று முடிவு செய்து, சோப்புப் போட்டுக் குளித்தான். பாடிக்கொண்டே குளித்தான்.

மச்சானின் கைக்கடிகாரம் ஆறு இருபதில் நின்றிருந்தது.

கரையில் கிடத்தியிருந்தபோது அவர் மேல் சட்டை இல்லை. வலது கட்டைவிரலில் தோல் இல்லை. மீன் தின்றிருக்கும் என்றார் டாக்டர். மற்ற ஒன்பது விரலையும் மீன் ஏன் தொடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் பார்த்தவுடன் தெரிந்தது. நடு ஏரியில் எஞ்சின் நின்றிருக்கும். சட்டையைத் திணித்துப் பார்த்திருக்கிறார், பிய்த்துக்கொண்டு போயிருக்கும். பிறகு விரல். எஞ்சின் கயிற்றை இழுக்க இரண்டு கை வேண்டும். விரலை எடுத்தால் தண்ணீர். எடுக்காவிட்டால் எஞ்சின் இல்லை. நீந்தத் தெரியாத மனுஷன். கரையைப் பார்த்துக்கொண்டே, யாராவது வருவார்கள் என்று.

"தக்கை போட மறந்திருப்பாரு," என்று அந்தக் கூட்டத்தில் முதலில் சொன்னது யார்? பஞ்சர்தான். படகு அப்போது எங்கே மூழ்கிக் கிடந்ததென்றே யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தொழில்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தண்ணீர் இப்போது கணுக்காலைத் தொட்டது. ஜில்லென்று.

அவன் அலமாரிக்கு ஓடினான். மேல்தட்டில் பெயின்ட் டப்பா. துருப்பிடித்த ஆணிகளுக்கு அடியில், மூன்று வருடமாக, அது. ஆணிகளைக் கொட்டினான். தூசி பறந்தது. ஆணியெல்லாம் காய்ந்திருந்தன, டப்பா காய்ந்திருந்தது. தக்கையை எடுத்தபோது ரிப்பன் அவன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. நனைந்து, கனமாக, சொட்டச் சொட்ட.

போட்டுவிடலாம். போட்டுவிட்டால் தீர்ந்தது. அன்றைக்குப் போட வேண்டியது, அவ்வளவுதானே.

பின்பலகைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். துளை அவன் முகத்துக்கு நேராக இருந்தது. தக்கையைக் கொண்டு போனான். அதற்குள் ஒழுக்கு நின்றுவிட்டது. பட்டென்று. குழாயைத் திருகி மூடினாற்போல். போன் வெளிச்சத்தைப் போட்டுத் துளைக்குள் பார்த்தான்.

உள்ளிருந்து எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. வெளிர் நிறம். ஊறி, சுருங்கி, கோடு கோடாக. ஓரத்தில் நகம்.

அது நடுங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிற கை நடுங்குவது போல.

அவன் கத்தவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தான். "மச்சான்" என்று வந்தது.

விரல் மெல்லப் பின்வாங்கியது. இடம் விடுவதுபோல். இந்தா, போடு.

தக்கையைச் செருகினான். இரண்டு கையாலும் அழுத்தினான். ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு உள்ளிருந்து, சாவகாசமாக, அந்த விரல் அதை வெளியே தள்ளியது. தக்கை அவன் மடியில் பட்டு, தரையில் விழுந்து, சிமென்ட் சரிவில் ரிப்பனை இழுத்துக்கொண்டு படகின் முன்மூக்கை நோக்கி உருண்டது. தண்ணீர் பீறிட்டது. அவன் முகத்தில். வாயில். சேறு. அதே நேரம் ஷட்டர் கடகடவென்று மேலே ஏறும் சத்தம்.

"அண்ணே! இருக்கியா, தூங்குறியா?"

தங்கச்சி பார்த்துவிடுவாள். எதைப் பார்ப்பாள் என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. பார்த்துவிடுவாள், அவ்வளவுதான். இடது கட்டைவிரலைத் துளைக்குள் சொருகினான்.

நின்றது.

உள்ளே ஒரு கை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

"இ... இங்கதாம்மா. பின்னாடி."

"வெளிய வாயேன். ஆளையே காணோம்."

"வர முடியாது. ஒரு எடத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். காயணும்."

"கையாலயா பிடிச்சுக்கிட்டிருக்கே? ஊருக்கே பஞ்சர் போடுறவன் நீ!" சிரித்தாள். செருப்புச் சத்தம் சளக் சளக்கென்று முன்மூக்குப் பக்கம் வந்தது. "தரையெல்லாம் தண்ணி. ஊத்திப் பாத்தியா?"

"ஆமா. ஊத்திப் பாத்தேன்."

பிடி இறுகியது.

"ஒழுக்கு நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

இன்னும் இறுகியது. நகம் பதிந்தது. குளிர்ந்த, ஊறிய, பொறுமையான கை. அவன் வியர்வையும் ஏரித்தண்ணீரும் கலந்து கண்ணில் எரிந்தது. தங்கச்சி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்கிற சத்தம் கேட்டது. படகுக்கு அடியில் அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"நான் தினம் காலையில அடுப்பைப் பத்த வைக்கிறப்பவே அவரைத் திட்டுறேன். செத்த மனுஷனைத் திட்டக் கூடாதுன்னு தெரியும். இருந்தாலும் வருது. ஒரு தக்கை. கை நீட்டினா போட்டுடலாம். ரிப்பன் வேற கட்டி விட்டேன். எங்களை நெனச்சிருந்தா மறந்திருப்பாரா? அப்படித்தானே தோணும்? நேத்து பொண்ணு கேக்குறா: 'அப்பாவுக்கு நான் பொறந்ததாவது ஞாபகம் இருந்துச்சாம்மா?'ன்னு. ஸ்கூல்ல இவளைத் தக்கைன்னுதான் கூப்பிடுறாங்களாம். நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி ஈரத்தில் சிவப்பாக ஒன்று கிடந்தது. குனியாதே. குனியாதே.

குனிந்தாள்.

ரிப்பனிலிருந்து நீர் பிழிகிற சத்தம்.

"அண்ணே. இது என் ரிப்பன்."

அவள் முகம் படகுக்கு அடியில் பக்கவாட்டில் தெரிந்தது. நரைத்த ஒரு முடிக்கற்றை தரைத் தண்ணீரில் பட்டது. கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. வெறும் கேள்விதான். சின்ன வயதில் அவன் ஒளித்துவைத்த மிட்டாயைத் தேடுகிறபோது இருக்கும் அதே முகம்.

"அது..." என்றான். "அன்னிக்கு... நான்தான்..."

பிடி தளர்ந்தது.

ஒவ்வொரு விரலாக. சுண்டுவிரல் விட்டது. மோதிரவிரல் விட்டது. அவன் கட்டைவிரலில் ரத்தம் திரும்ப ஓடுவது தெரிந்தது. இன்னும் நாலு வார்த்தை. நாலே வார்த்தை. உள்ளே இருந்த கை, திறந்த உள்ளங்கையில் அவன் விரலை லேசாகத் தாங்கிக்கொண்டு, காத்திருந்தது.

"நீதான்?" என்றாள் தங்கச்சி.

"நான்தான் கரையில கண்டெடுத்தேன்."

வார்த்தை என்ன அழகாக வந்தது! எண்ணெய் போட்ட மாதிரி. "படகு எறக்குன எடத்துல கெடந்துச்சு. உங்கிட்ட காட்ட மனசு வரலம்மா. நீ தாங்க மாட்டேன்னு எடுத்து வச்சுட்டேன்."

"கரையிலயே போட்டுட்டா போனாரு?"

"ஆமாம்மா."

"கட்டுனதை அவுத்துப் போட்டுட்டு?"

"...ஆமாம்மா."

அவள் முகம் மேலே போய்விட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, கரகரப்பாக, ஒரு சின்னச் சிரிப்பு. "எனக்காகவா மூணு வருஷம் மறைச்சு வச்சே? நீ எல்லாத்துக்கும் பல்லைக் காட்டுறவன்னு நெனச்சேன். நீ நல்லவன்ணே." எழுந்தாள். "இது எங்கிட்டயே இருக்கட்டும். முனைக்கடையில டீ வாங்கிட்டு வரேன். உனக்குச் சர்க்கரை கம்மிதானே? பிடிச்சுக்கிட்டே இரு, விட்டுடாதே. காயட்டும்."

"தங்கச்சி," என்றான் அவன். சத்தம் வரவில்லை.

சளக் சளக். ஷட்டரைத் தாண்டி, வெயிலுக்குள். தெருவில் அவள் யாருக்கோ "இங்கதான், அண்ணன் கடையில" என்று போனில் சொல்வது கேட்டது; தேய்ந்தது; நின்றது. நாலு மணி வெயில் வாசல்வரை வந்து நின்றிருந்தது. வாசலில் ஒரு பெருச்சாளி எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. குடம். கடிகாரம். டீ டம்ளர்.

தொப், என்றது படகு. அவன் காதுக்குப் பக்கத்தில்.

மோதிரவிரல் திரும்ப மூடியது. சுண்டுவிரல் மூடியது. பிறகு இரண்டாவது கை.

"மச்சான்," என்றான். "மச்சான், சும்மா... பகடிக்கு..."

யாரும் சிரிக்கவில்லை.

இழுக்க ஆரம்பித்தார். முதலில் நகம். கணு. உள்ளங்கையின் மேடு துளையில் மோதி நின்றது. நின்றும், இழுப்பு நிற்கவில்லை.

துளை கட்டைவிரல் அளவுதான். இழுக்கிறவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.